பிராணவாயு பறித்த பார்வை

சென்ற நூற்றாண்டின் நாற்பதுகளில் அமெரிக்க மருத்துவர்களைத் திகைக்க வைத்த குருட்டு நோய் ஒன்று உண்டு. வழக்கமாக நோய்கள் வறுமையைத் தேடி வரும். இதுவோ வசதி மிகுந்த பெரிய மருத்துவமனைகளையே தேடி வந்தது. குறைமாதத்தில் பிறந்து, மருத்துவரின் கைத்திறனாலும் செவிலியரின் இரவுபகல் உழைப்பாலும் பிழைத்தெழுந்த குழந்தைகள், சில மாதங்களில் விழிமணிக்குப் பின்னால் வெண்படலம் படர்ந்து பார்வையை இழந்தன. 1942இல் பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவர் தியோடர் டெரி இந்நோயை முதன்முதலாக விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இதனால் கண்ணொளி இழந்தனர். பிற்காலத்தில் இசையுலகில் புகழ் பெற்ற ஸ்டீவி வொண்டரும், 1950இல் குறைமாதக் குழந்தையாகப் பிறந்து இந்நோய்க்கு ஆளானவரே.

காரணம் யாருக்கும் புலப்படவில்லை. வைட்டமின் குறைவு என்றனர் சிலர்; அறையின் வெளிச்சம் என்றனர் வேறு சிலர்; பசும்பாலின் மீதும் இரும்புச் சத்து மருந்தின் மீதும் பழி விழுந்தது. குழந்தையைக் காத்து நின்ற பிராணவாயுவை மட்டும் பெரும்பாலோர் ஐயுறவில்லை. மூச்சுத் திணறும் சிசுவுக்கு அதை எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவும் நன்மையே என்பது அக்காலத்தின் உறுதியான நம்பிக்கை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வாரக்கணக்கில் அது தாராளமாகச் செலுத்தப்பட்டது.

வாஷிங்டன் நகரின் காலிங்கர் நகராட்சி மருத்துவமனையில் பயிற்சி பெற்றுவந்த ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் கண் மருத்துவருக்கு இந்த நம்பிக்கையின் மீதே ஐயம் எழுந்தது. பார்வை இழந்த குழந்தைகள் எல்லாம் பெட்டிக்குள் நெடுநாள் இருந்து பிராணவாயுவை மிகுதியாகப் பெற்றவை என்பதை அவர் கண்டார். ஐயத்தைச் சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கம்போலத் தாராளமாகவும், மற்றதற்குத் தேவையான அளவு மட்டுமே பிராணவாயுவும் கொடுத்து, இரு தரப்பின் கண்களையும் தொடர்ந்து கவனிப்பது.

கேட்பதற்கு எளிது. ஆயினும் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் முதலில் பணம் தர மறுத்துவிட்டது. மூச்சுக்குத் தவிக்கும் சிசுக்களிடமிருந்து பிராணவாயுவைக் குறைப்பது அவற்றைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்று அங்குள்ளோர் கருதினர். பாட்ஸ் தம் சகோதரரிடம் கடன் பெற்றார். குழந்தைகள் நல மருத்துவரான லேராய் ஹோக் என்பவருடன் சேர்ந்து சோதனையைத் தொடங்கினார். அதிலும் ஓர் இடையூறு! மருத்துவர் வீட்டுக்குச் சென்றபின், இரவுப் பணியிலிருந்த செவிலியர் சிலர், குறைத்து வைத்த பிராணவாயுவை மீண்டும் கூட்டிவிட்டனராம். இதைப் பாட்ஸே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நீலம் பாரித்த ஒரு சிசுவின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு, ஆராய்ச்சியின் ஒழுங்கு எம்மாத்திரம்?

1952இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. கடுமையான விழித்திரை நோய் தாராளமாகப் பெற்ற பிரிவிலேயே காணப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கேட் கேம்பல் என்ற பெண் மருத்துவரும் இதே கருத்தை வெளியிட்டிருந்தார். பிராணவாயுவைச் சிக்கனமாகச் செலவிட்ட இடங்களில் நோய் அரிதாக இருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். பின்னர் எவரெட் கின்சி என்ற அறிஞரின் ஒருங்கிணைப்பில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து பெரிய அளவில் ஆராய்ந்தன. 1954இல் விடை ஐயத்துக்கு இடமின்றிக் கிடைத்தது. கட்டுப்பாடின்றி வழங்கும் வழக்கம் நின்றது. நோயும் விரைந்து குறைந்தது. 1956இல் பாட்ஸுக்கும் கின்சிக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. பாட்ஸின் கையில் அதைக் கொடுத்தவர் ஹெலன் கெல்லர் அம்மையார்.

உயிரைக் காக்கும் காற்று கண்ணை எவ்வாறு கெடுக்கும்? விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் நான்காம் மாதத்தில் கண்ணின் பின்புறத்திலிருந்து முளைத்து, ஓரங்களை நோக்கி மெல்லப் பரவுகின்றன. பத்தாம் மாதத்தில்தான் அப்பணி முடிகிறது. முன்னதாகவே பிறந்துவிட்ட குழந்தைக்குப் பிராணவாயு மிகுந்து கிடைத்தால் அக்குழாய்கள் வளர்ச்சி நின்று சுருங்குகின்றன. பிறகு சாதாரணக் காற்றுக்கு வரும்போது, குழாய் எட்டாத விழித்திரைப் பகுதி பிராணவாயுவுக்கு ஏங்கித் தவிக்கிறது. அது எழுப்பும் வேதியியல் குரலுக்குச் செவிசாய்த்துப் புதிய குழாய்கள் தாறுமாறாக முளைக்கின்றன. அவை தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடுகின்றன.

கதை இத்துடன் இனிதே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அந்தப் பெரிய ஆராய்ச்சியில், பிறந்து 48 மணி நேரம் கடந்த குழந்தைகளே சேர்க்கப்பட்டிருந்தன. ஆகவே பிறந்த முதல் இரு நாட்களில் பிராணவாயுவைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது அதில் சோதிக்கப்படவே இல்லை. ஆனால் மருத்துவமனைகளோ அச்சத்தால் முதல் மணி நேரத்திலிருந்தே கையைச் சுருக்கின. காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு குழந்தையின் பார்வைக்கும் ஏறத்தாழ 16 சிசுக்கள் உயிரிழந்திருக்கக் கூடும் என்று 1973இல் கென்னத் கிராஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் கணக்கிட்டார். இன்று குழந்தையின் பிஞ்சுக் காலிலோ கையிலோ கட்டப்படும் சிறு கருவி இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவை நொடிக்கு நொடி காட்டுகிறது. அப்படியும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அளவைச் சற்றே தாழ்த்தி வைத்த பிரிவில் கண் நோய் குறைந்தது. இறப்போ சற்றுக் கூடியது.

பாட்ஸ் பின்னர் பால்டிமோர் நகரின் வில்மர் கண் மருத்துவ நிலையத்தில் நீரிழிவு நோயாளரின் விழித்திரையை ஆராய்ந்தார். அங்கும் பிராணவாயு கிட்டாத விழித்திரையில் குழாய்கள் தாறுமாறாக முளைப்பதே தொல்லை. அவற்றை லேசர் ஒளியால் அடக்கும் சிகிச்சைக்கு வழிகோலியவர்களில் அவர் ஒருவர். 1,700க்கும் மேற்பட்ட நோயாளரின் ஒரு கண்ணுக்கு மட்டும் ஒளிச் சிகிச்சை அளித்து, மறு கண்ணுடன் ஒப்பிட்டுப் பார்த்த பேராய்வு, பெரும் பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைவதை 1976இல் உறுதிப்படுத்தியது. அவர் 2010இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார். அதே லேசர் இன்று குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைக் காக்கவும் பயன்படுகிறது.

நம் நாட்டுக் குடும்பங்கள் இதில் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மேலை நாடுகளில் மிகச் சிறிய சிசுக்களையே பெரும்பாலும் தாக்கும் இந்நோய், இந்தியாவில் சற்றுப் பெரிய குழந்தைகளிடமும் காணப்படுகிறது. ஆதலால் 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும், பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது இங்குள்ள நெறிமுறை. 28 வாரங்களுக்கு முன் பிறந்தவற்றுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் இரண்டு மூன்று வாரங்களிலேயே. வெளித் தோற்றத்தில் கண் தெளிவாகவே இருக்கும். தாயால் எதையும் கண்டறிய இயலாது. சொட்டு மருந்திட்டுப் பாப்பாவை விரித்து, விழித்திரை மருத்துவர் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், அப்பரிசோதனை நடந்ததா, அடுத்தது எந்நாள் என்று தாய் தந்தையரே கேட்டறிய வேண்டும். நோய் முற்றும் அறிகுறி தென்பட்டால், சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று நாட்களே.