கடிப்புக் கோளாறு: கத்தி படாமல் எதுவரை சரிசெய்யலாம்?

கொய்யாக்காயை முன்பல்லால் கடிக்க வராமல், நறுக்கிக் கடைவாயில் ஒதுக்கி மெல்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. கடைவாய்ப் பற்களை இறுக்கிக் கடித்தாலும் அவர்களுக்கு முன்பக்கம் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டாது. வேறு சிலருக்குக் கீழ் முன்பற்கள் மேலண்ணத்து ஈறில் போய்க் குத்தும். இன்னும் சிலருக்குக் கீழ்வரிசை மேல்வரிசையைத் தாண்டி முன்னால் வந்து நிற்கும். சிறுவயதில் வீட்டில் வசதி இருந்திருக்காது, அல்லது ‘தெத்துப்பல் அழகுதானே’ என்று விட்டிருப்பார்கள். இப்போது 30, 40 வயதில் சொந்தச் சம்பாத்தியத்தில் பல் மருத்துவரிடம் போகும்போது அவர்கள் கேட்பது இதைத்தான்: “இந்த வயசுல கிளிப் போட்டா சரியாகுமா டாக்டர்? இல்ல, தாடையில ஆபரேஷன்தானா?”

பலருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. சிலருக்கு அதைத் தவிர்க்க முடியாது. யார் எந்தப் பக்கம் என்பதை முடிவுசெய்வது வயது அல்ல. கோளாறு பல்லில் இருக்கிறதா, தாடை எலும்பில் இருக்கிறதா என்பதே முடிவுசெய்கிறது.

பல் எப்படி நகர்கிறது?

பல்லின் வேர் தாடை எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய நார்த்திசு ஒன்று வேரைச் சுற்றி இருக்கிறது. கிளிப்பின் கம்பி பல்லை ஒரு பக்கமாக மெதுவாக அழுத்தும்போது, அந்தப் பக்கத்து நார்த்திசு நசுங்குகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வந்து, பல் போகவேண்டிய திசையில் இடம் ஏற்படுத்துகின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்த்திசு இழுபடுகிறது. அங்கே புது எலும்பு உருவாகிக் காலியான இடத்தை நிரப்புகிறது. இப்படி மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வரை பல் நகரும். அதனால்தான் முழுச் சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகிறது. வேகமாக முடிக்கவேண்டும் என்று விசையைக் கூட்டினால் பலன் கூடாது. வலியும் வேர் தேய்வும்தான் கூடும்.

இந்தச் செல்கள் 50 வயதிலும் வேலை செய்கின்றன. தொடக்கத்தில் சற்று மெதுவாக இருக்கலாம், அவ்வளவுதான். எனவே, ‘வயதாகிவிட்டது, இனி பல் நகராது’ என்பது தவறான எண்ணம்.

தாடை அப்படியல்ல. வளரும் பிள்ளைக்குக் கீழ்த்தாடையை முன்னே தள்ளிவைக்கும் கருவிகளைக் கொடுத்து, வளர்ச்சியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மேல்தாடையின் இரு பாதிகளும் அண்ணத்தின் நடுவே சேரும் இடம் சிறுவயதில் இறுகியிருக்காது என்பதால், அதையும் அகலப்படுத்தலாம். பதின்வயது முடியும்போது இந்த வாய்ப்புகள் பெரும்பாலும் போய்விடுகின்றன. பெரியவர்களின் சிகிச்சையில் பல்லை நகர்த்தலாம். எலும்பை வளர்க்க முடியாது.

பல்லா, எலும்பா?

கடிப்புக் கோளாறுகளை வகைப்படுத்தும் முறையை 1899-ல் வகுத்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்டு ஆங்கிள். மேல், கீழ் முதல் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்து அவர் மூன்று வகைகளாகப் பிரித்தார். கடைவாய் சரியாகப் பொருந்தி மற்ற பற்கள் மட்டும் கோணலாக இருப்பது முதல் வகை. கீழ்வரிசை பின்தங்கியிருப்பது இரண்டாவது. கீழ்வரிசை முந்தியிருப்பது மூன்றாவது. இன்றும் மருத்துவர்கள் ‘கிளாஸ் ஒன், டூ, த்ரீ’ என்று சொல்வது இதைத்தான்.

ஆனால், பல்லை மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் எடுக்கும் ‘செபலோகிராம்’ என்ற தலை எக்ஸ்ரேதான் எலும்பின் நிலையைக் காட்டும். அந்தப் படத்தில் மூக்கின் வேர்ப்பகுதியிலிருந்து மேல்தாடைக்கு ஒரு கோடும், கீழ்த்தாடைக்கு ஒரு கோடும் வரைவார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் ஏறத்தாழ 2 டிகிரி இருப்பது இயல்பு. அது 4 டிகிரியைத் தாண்டினால் கீழ்த்தாடை பின்தங்கியோ மேல்தாடை முந்தியோ இருக்கிறது என்று பொருள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கீழ்த்தாடை முந்தியிருக்கிறது. மேல் முன்பல் கீழ் முன்பல்லைவிட 7 மில்லிமீட்டர் எடுப்பாக இருக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியில் இருவருக்கும் ஒரே குறைதான் தெரியும். ஒருவருக்குத் தாடைகள் சரியாக இருந்து பல் மட்டும் வெளியே சாய்ந்திருக்கலாம். மற்றவருக்குக் கீழ்த்தாடையே குட்டையாக இருக்கலாம். இருவருக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது.

கத்தி இல்லாத வழிகள்

கோளாறு பல்லில் மட்டும் என்றால் கிளிப்போ, ‘அலைனர்’ எனப்படும் கண்ணாடி போன்ற கழற்றி மாட்டும் உறையோ போதும். அமெரிக்காவில் 1997-ல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனத்தின் ‘இன்விசலைன்’தான் அலைனரை உலகெங்கும் பரப்பியது. ஒவ்வோர் உறையும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஓரிரு வாரத்துக்கு ஒன்றாக மாற்றவேண்டும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருந்தால்தான் பலன். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும் கழற்றலாம். அலுவலகத்தில் காபிக்கு ஒருமுறை, டீக்கு ஒருமுறை கழற்றிவைக்கிறவர்களுக்குக் கிளிப்பே நல்லது. உருண்டையான பற்களைத் திருப்புவது, பல்லைக் கீழே இழுப்பது போன்ற வேலைகளிலும் கம்பிக்குத்தான் பிடிமானம் அதிகம்.

தாடையில் ஓரளவு குறை இருந்தால், எலும்பை அப்படியே விட்டுப் பற்களை மட்டும் சாய்த்தும் நகர்த்தியும் கடிப்பைப் பொருத்துவார்கள். பல மருத்துவர்கள் இதை ‘கேமஃப்ளாஜ்’ சிகிச்சை என்பார்கள். எடுப்பான மேல் பற்களைப் பின்னே கொண்டுவர இடம் வேண்டும் அல்லவா? அதற்காக இரு பக்கமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப் பல்லை எடுப்பது வழக்கமான முறை. ஒரு பல் எடுத்தால் சுமார் 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். நல்ல பல்லை எடுப்பதா என்று பலரும் தயங்குகிறார்கள். எல்லாருக்கும் எடுக்கத் தேவையில்லை. தேவை என்றால், அளந்து பார்த்துத்தான் எடுக்கச் சொல்கிறார்கள்.

கடந்த கால் நூற்றாண்டில் ஆபரேஷனின் எல்லையை உண்மையிலேயே பின்னுக்குத் தள்ளியது ஒரு சிறிய டைட்டானியம் திருகு. ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமன், 6 முதல் 12 மில்லிமீட்டர் நீளம். ஜப்பானிய மருத்துவர் ரியுசோ கனோமி 1997-ல் இத்தகைய திருகைப் பல் சீரமைப்புக்குப் பயன்படுத்தி எழுதிய பிறகு இது பரவியது. ஈறில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வேர்களுக்கு நடுவே எலும்பில் சில நிமிடங்களில் பொருத்திவிடலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். பல்லைப் பல்லால் இழுத்தால் இரண்டுமே நகரும். திருகிலிருந்து இழுத்தால் நாம் விரும்பும் பல் மட்டும் நகரும்.

முன்பற்கள் ஒட்டாத ‘ஓப்பன் பைட்’டுக்கு இதனால் கிடைத்த நன்மை பெரியது. கீல் ஓரத்தில் சின்னக் கட்டை சிக்கிய கதவு எப்படி மூடாதோ, அப்படித்தான் கடைவாய்ப் பற்கள் அளவுக்கு மீறி நீண்டிருந்தால் முன்வாய் மூடாது. திருகின் துணையோடு அந்தக் கடைவாய்ப் பற்களை எலும்புக்குள் ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால், கீழ்த்தாடை சுழன்று மேலே வந்து முன்பக்கம் சுமார் இரண்டு மில்லிமீட்டர் மூடும். முன்பு மேல்தாடையை அறுத்து உயர்த்தித்தான் இதைச் சாதித்தார்கள். குறுகிய மேல்தாடையை அகலப்படுத்தவும் அண்ணத்தில் திருகு பொருத்திய கருவி வந்திருக்கிறது. இளைஞர்களில் பலருக்கு அது பலன் தருகிறது. வயது கூடக் கூட வெற்றி வாய்ப்பு குறைகிறது.

எங்கே எல்லை?

மேல் முன்பல் 10 மில்லிமீட்டருக்கும் மேல் எடுப்பாக இருந்து, அதற்குக் காரணம் குட்டையான கீழ்த்தாடை என்றால், பெரியவர்களுக்குக் கிளிப் மட்டும் போதாது என்பது துறையில் நெடுநாளாக உள்ள கணக்கு. முகம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தாலும், கீழ்த்தாடை வெகுவாக முந்தியிருந்தாலும் அப்படித்தான். வலிந்து பல்லை மட்டும் நகர்த்தினால், வேர் எலும்பைத் தாண்டி ஈறு இறங்கும், மேலுதடு உள்வாங்கி முகம் மாறும், கடிப்பும் நிலைக்காது. தாடை பின்தங்கியதால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவருக்குப் பல்லை மட்டும் ஒழுங்குபடுத்துவது தீர்வாகாது.

பலரும் அறியாத முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்துகொள்பவரும் அதற்கு முன்பும் பின்பும் கிளிப் போடவேண்டும்; ஆனால் பற்கள் நகரும் திசை நேரெதிரானது. ஆபரேஷன் இல்லாத வழியில் தாடைக் குறையை மறைக்கப் பல்லைச் சாய்ப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்போ, சாய்ந்த பல்லை நிமிர்த்துவார்கள்; தாடைக் குறை அப்போது முழுதாக வெளித் தெரியும். எனவே, ‘முதலில் கிளிப் போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் ஆபரேஷன்’ என்பது திட்டமே அல்ல. பாதி வழியில் மாறினால், நகர்த்திய பல்லை எல்லாம் மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். முடிவு முதல் நாளிலேயே எடுக்கவேண்டியது.

கிளிப்புக்கு முன் ஈறு

பெரியவர்களின் வாயில் பிள்ளைகளுக்கு இல்லாத சிக்கல்கள் உண்டு. சொத்தைக்காகக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி அப்படியே விட்டிருப்பார்கள்; பக்கத்துப் பல் அந்தக் குழியில் சாய்ந்திருக்கும், எதிர்ப்பல் இறங்கியிருக்கும். 40 வயதுக்கு மேல் முன்பற்கள் புதிதாக விலகி வெளியே வருகின்றன என்றால், பெரும்பாலும் அது ஈறு நோயால் எலும்பு கரைவதன் அறிகுறி. அவர்களுக்கு முதலில் வேண்டியது ஈறு சிகிச்சை. ஈறு நோய் அடங்காமல் பல்லை நகர்த்தினால், மிச்ச எலும்பும் போய்விடும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கவேண்டும். புகைப்பழக்கத்தை விடவேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்; அவற்றில் சில, பல் நகர்வதைத் தடுப்பதோடு தாடை எலும்பு அழுகும் அபாயத்தையும் உண்டாக்கக்கூடியவை. தாடை மூட்டு வலி தீரும் என்ற நம்பிக்கையில் மட்டும் கிளிப் போடவேண்டாம். அந்த வலியைக் கிளிப் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

இனிக்கும் வாக்குறுதிகள்

ஆபரேஷன் மீதான பயத்தை விற்பனையாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெரியவர்களின் தாடையை வளர்த்துத் தருவதாகச் சொல்லும் கருவிகள், நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்தாலே தாடை மாறும் என்னும் யூடியூப் பயிற்சிகள் ஆகியவற்றுக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. மருத்துவரை நேரில் பார்க்காமல் தபாலில் அலைனர் வாங்குவதும் ஆபத்தே. அமெரிக்காவில் அப்படி விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் திடீரென மூடப்பட்டது. சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் நிர்க்கதியானார்கள். எக்ஸ்ரேயும் ஈறு பரிசோதனையும் இல்லாமல் பல்லில் யாரும் விசை கொடுக்க விடாதீர்கள்.

சிகிச்சை முடிந்தும் வேலை முடிவதில்லை. நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். பல்லின் பின்புறம் ஒட்டும் மெல்லிய கம்பியோ, இரவில் போடும் ‘ரீட்டெய்ன’ரோ நெடுங்காலம், பெரியவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்கத் தேவை. கிளிப் கழற்றிய சில மாதங்களிலேயே ரீட்டெய்னரை மறந்தவர்கள்தான் ‘பல் மறுபடி பழையபடி ஆயிடுச்சு’ என்று வருகிறார்கள்.

யாரிடம் போவது?

பி.டி.எஸ். முடித்தபின் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்த பல் சீரமைப்பு நிபுணரிடம் போங்கள். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்குச் சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்கவேண்டும். ஆனால் செலவு வெகு குறைவு.

பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் குறை பல்லிலா, எலும்பிலா? ஆபரேஷன் இல்லாமல் எவ்வளவு சரியாகும், எது சரியாகாது? என் ஈறும் எலும்பும் இதைத் தாங்குமா? முடிந்தபின் பல் திரும்பிப் போகாமலிருக்க என்ன ஏற்பாடு? எக்ஸ்ரேயைக் காட்டி இந்த நான்குக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் உங்கள் பல்லை ஒப்படையுங்கள். அவர் ‘உங்களுக்கு ஆபரேஷன்தான் சரி’ என்று சொன்னால், பயந்து ஓடாமல் இன்னொரு நிபுணரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

கத்தியைத் தவிர்ப்பது நல்ல விருப்பம்தான். சரியான கணிப்புக்குப் பிறகு தவிர்த்தால் மட்டுமே அது நல்ல சிகிச்சை.