வெட்டிய காடும் அழிந்த காடும்

ஓதநீர் வந்து மீளும் சேற்று நிலத்தில் வேரூன்றி நிற்பது கண்டற்காடு. நெய்தல் திணைப் பாடல்களைப் பயின்றோர் கண்டலை அறிவர். மலாய் மொழியில் அதன் இனமரங்களுக்குப் பாக்காவ் என்று பெயர். இக்காடுகள் இன்னும் முப்பது ஆண்டுகளில் எவ்வளவு எஞ்சும்? இதற்கு விடை காணவே அறிஞர் கணித மாதிரிகளை அமைக்கின்றனர்.

முறை எளியது. 1972 முதல் லாண்ட்சாட் துணைக்கோள்கள் நிலப்பரப்பைப் படம்பிடித்து வருகின்றன. ஓரிடத்தின் இருகாலப் படங்களைச் சிறு கட்டங்களாகப் பகுத்து ஒப்பிடுவர். காடாக இருந்த கட்டங்களுள் எத்தனை காடாகவே நின்றன, எத்தனை இறால் குளமாயின, எத்தனை செம்பனைத் தோட்டமாயின என எண்ணுவர். அதே விகிதம் இனியும் தொடரும் எனக் கொண்டு கணக்கை நீட்டுவர். உருசிய அறிஞர் மார்க்கோவ் 1906இல் ஆராய்ந்த தொடர்முறையே இதற்கு அடிப்படை.

ஆயினும், கட்டங்களை எண்ணுமுன் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பேராக் மாநிலத்து மாத்தாங் காடு அதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புள்ள இக்காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வனத்துறையின் பராமரிப்பில் உள்ளது. மரங்கள் முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டப்பட்டுக் கோலா செபெத்தாங் போன்ற ஊர்களின் சூளைகளில் கரியாக்கப்பட்டு வந்துள்ளன. வெட்டிய நிலத்தில் கன்றுகள் தாமே முளைக்கின்றன; முளையாத இடங்களில் நடப்படுகின்றன.

எஞ்சிய காட்டில் ஆண்டுதோறும் முப்பதில் ஒரு பங்கு வெட்டப்படுவதாகக் கொள்க. படத்தில் அவ்விடம் வெறுமையாகத் தோன்றும். அதனை ‘அழிந்த காடு’ என்று குறித்து, மறுவளர்ச்சியைச் சேர்க்காமல் கணக்கிட்டால், முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1,000 கட்டங்களில் ஏறத்தாழ 360 மட்டுமே எஞ்சும் என விடை வரும். உண்மையில், முதலாண்டில் வெட்டிய இடம் அதற்குள் மீண்டும் முதிர்ந்து நிற்கும். பெருக்கலில் பிழையில்லை, எண்ணியதில்தான் பிழை.

இறால் குளம் தோண்டிய நிலமோ வேறு. கரை எழுப்பி ஓதநீரைத் தடுத்தபின், கண்டலின் நாற்றுகள் மிதந்து வந்து சேர வழியில்லை. 2000 முதல் 2012 வரை தென்கிழக்காசியாவில் 1,00,000 எக்டருக்கு மேற்பட்ட கண்டற்காடு அகற்றப்பட்டது. அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு மீன், இறால் வளர்ப்புக்கு உள்ளாயிற்று. மியன்மாரில் நெல்வயலும், மலேசியா, இந்தோனேசியா நாடுகளில் செம்பனையும் காட்டை விழுங்கின.

ஆகவே, மரம் வெட்டுதல் வேறு; நிலம் மாறுதல் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணினால், பேணப்படும் காட்டின்மேல் வீண்பழி விழும். மீளாது போகும் காடோ அதே பட்டியலுக்குள் மறைந்து போகும்.