ஒரு கட்டாக்காலி நாயின் இதயத்துக்கு நான்கு இலட்சமா?

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு என் மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கண்டிக்கு வெளியே, மலைப்பக்கம் ஒரு சிங்களப் பெண்மணி நடத்தும் நாய்க் காப்பகத்துக்கு மாதம் இரண்டு முறை போய் உதவி செய்துவிட்டு வருவாள். "வாப்பா, ஒரு விசயம் கேட்டா ஏச மாட்டீங்களே?" என்று தொடங்கினாள்.

கட்டுகஸ்தோட்டைச் சந்தைப் பக்கம் வடிகானில் கிடந்து எடுத்த பெண் குட்டி ஒன்று. எட்டு மாதம் இருக்கும். மற்றக் குட்டிகள் ஓடி விளையாடும்போது இது நான்கு எட்டு வைத்து உட்கார்ந்துவிடும், இரவில் இருமும். மிருக வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்ததுமே முகம் மாறிவிட்டாராம். எக்கோ பரிசோதனை செய்து பார்த்தபோது பிறவியிலேயே இதயத்தோடு வந்த குறை என்று தெரிந்தது. சத்திரசிகிச்சை, மருந்து, பின்னரான பராமரிப்பு எல்லாம் சேர்த்து நான்கு இலட்சத்துக்குக் குறையாது என்று சொல்லியிருக்கிறார்கள். காப்பகத்தில் அவ்வளவு பணம் இல்லை.

என் கையில் பணம் இருந்தது. இரண்டாவது உம்ராவுக்கென்று ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்தது. அது மகளுக்கும் தெரியும்.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். ஏச வாய் வந்தது, ஆனால் முதலில் நோய் என்னவென்று கேட்டேன். அவள் சொன்ன பதிலில் வாயடைத்துப் போனேன். என் தங்கையின் மகளுக்கு கைக்குழந்தையாக இருந்தபோது இருந்த அதே குறை.

நோய் என்ன?

தாயின் வயிற்றில் இருக்கும் சிசு சுவாசிப்பதில்லை. ஆகவே அதன் நுரையீரலுக்கு அதிக இரத்தம் தேவையில்லை. நுரையீரலுக்குப் போகும் நாடியையும் உடம்புக்குப் போகும் பெருநாடியையும் ஒரு சிறு குழாய் இணைத்திருக்கும். இரத்தம் அந்தக் குறுக்கு வழியால் போய்விடும். மனிதக் குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் இந்த அமைப்பு ஒன்றுதான். பிறந்து முதல் மூச்சை இழுத்தபின் ஒரு சில நாட்களுக்குள் அந்தக் குழாய் தானாகவே சுருங்கி மூடிக்கொள்ளும். அல்லாஹ்வின் படைப்பில் உள்ள நுணுக்கங்களில் இதுவும் ஒன்று.

சிலருக்கு அது மூடாது. பெருநாடியில் அழுத்தம் அதிகம் என்பதால், உடம்புக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு திரும்ப நுரையீரலுக்கே பாயும். இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் இந்தப் பாய்ச்சல் நிற்காது. அதனால்தான் வைத்தியரின் காதுக்கு இடைவிடாத இயந்திர இரைச்சல் போலக் கேட்கிறது. வீணாகச் சுற்றிவரும் அந்த இரத்தத்தையும் சேர்த்துத் தள்ளவேண்டியிருப்பதால் இதயத்தின் இடப்பக்கம் வீங்குகிறது; பின்னர் நுரையீரலில் நீர் கட்டுகிறது. நாய்களில் அதிகமாகக் காணப்படும் பிறவி இதயக் குறைகளில் இது ஒன்று. ஆணைவிடப் பெண் குட்டிகளுக்கே கூடுதலாக வருகிறது. கவனிக்காமல் விட்டால் பாதிக்கும் மேற்பட்டவை ஒரு வருடத்துக்குள் இறந்துவிடும்.

சிகிச்சைக்கு இரண்டு வழிகள். விலா எலும்புகளுக்கு இடையே நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயை நூலால் கட்டிவிடுவது ஒன்று. தொடையின் நாடி வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, கம்பி வலையாலான சிறு அடைப்பானை வைத்து மூடுவது மற்றது. அனுபவமுள்ள கைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் வெற்றிதான். நேரத்தோடு செய்தால் அந்த நாய் மற்ற நாய்களைப் போல முழு ஆயுளும் வாழலாம். காலம் முழுக்க மாத்திரை கொடுத்துத் தள்ளிப்போடும் நோயல்ல இது. ஒருமுறை செய்தால் தீர்ந்துவிடும் குறை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நோய் முற்றி நுரையீரல் பக்கத்து அழுத்தம் ஏறிவிட்டால், இரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். அந்த நிலையில் குழாயை மூடுவது உயிருக்கே ஆபத்து. ஆகவே யாராவது உங்களிடம் இப்படியொரு பிராணிக்குப் பணம் கேட்டால் முதலில் எக்கோ அறிக்கையைக் கேளுங்கள். இரக்கத்தில் திரட்டிய பணம் பயனில்லாத இடத்தில் போய்விடக் கூடாது.

நாய்க்கு நாம் பட்ட கடன்

இந்தக் குழாயை மனிதரில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கட்டியவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ரொபர்ட் குரொஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். 1938 ஓகஸ்ட் 26ஆம் திகதி, ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு. அதற்கு முன் அவர் அந்த முறையை ஆய்வுகூடத்து விலங்குகளில் செய்து பார்த்திருந்தார். ஆறு வருடங்களின் பின், 1944இல், பால்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் உடம்பு நீலம்பாரித்துப் பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்றும் சத்திரசிகிச்சை தொடங்கியது. அந்த முறையை ஆய்வுகூடத்தில் நாய்களில் செய்து செய்து செம்மைப்படுத்தியவர் விவியன் தோமஸ் என்ற கறுப்பின உதவியாளர். ஒரு தச்சரின் மகன். வைத்தியப் பட்டம் இல்லாதவர். அந்த ஆய்வில் உயிர்பிழைத்த அன்னா என்ற நாயின் படம் பின்னர் அந்த நிறுவனத்தில் மாட்டப்பட்டது.

என் தங்கையின் மகள் இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுக்குச் செய்த சிகிச்சைக்கு அரச வைத்தியசாலையில் நாங்கள் ஒரு சதம் கட்டவில்லை. அந்தச் சிகிச்சை வந்த வழியில் எத்தனை நாய்களின் உயிர் போயிருக்கிறது என்று நான் அன்றுவரை யோசித்ததே இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மகளுக்குச் சம்மதம் சொல்லுமுன் என் மனதில் இருந்த முதல் தடை இதுதான். நம் நாட்டில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். நாய் கடும் நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். காவல், வேட்டை, கால்நடை போன்ற தேவையின்றி வீட்டில் வளர்ப்பது கூடாது. இவற்றில் மாற்றமில்லை. ஆனால் இவை சுத்தம் பற்றிய சட்டங்கள், வளர்ப்பது பற்றிய சட்டங்கள். நோயுற்ற நாயைச் சாகவிடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கழுவினால் போய்விடும் அசுத்தத்துக்கு அஞ்சி, கழுவினாலும் போகாத கல்நெஞ்சை நாம் வளர்த்துக்கொள்ளக் கூடாது.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறிவந்து புகட்டிய மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மிருகங்கள் விடயத்திலும் எங்களுக்கு நற்கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். நம் மத்ஹபின் பேரறிஞர்களில் ஒருவரான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், இற்றைக்கு ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்தவர், பிராணிகளுக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளைப் பட்டியலிட்டார். முதுமையாலோ நோயாலோ ஒரு பயனும் தராத நிலைக்குப் போய்விட்டாலும் அவற்றுக்காகச் செலவிட வேண்டும் என்பது அதில் அடங்கும்.

பணம் எந்தப் பையிலிருந்து வர வேண்டும் என்பதும் முக்கியம். ஸகாத் பணத்தை இதற்குத் தொடக்கூடாது. அதற்குரிய எட்டுக் கூட்டத்தாரை சூரா அத்தவ்பாவின் 60ஆவது வசனம் வரையறுத்துவிட்டது. அது ஏழையின் உரிமை. குடும்பத்தின் தேவையையும் கடனையும் தள்ளிவைத்துவிட்டும் கொடுக்கக் கூடாது. அவற்றுக்குப் பிறகு மிஞ்சுவதில் ஸதகாவாகக் கொடுக்கலாம். சந்தேகமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நானும் கேட்ட பிறகே கொடுத்தேன்.

குழந்தைகள் காத்திருக்கும்போது?

இதுதான் கடினமான கேள்வி. என் நானாவே கேட்டார். உலகில் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேருக்கு ஏதோவொரு பிறவி இதயக் குறை இருக்கிறது. கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் இதய சிகிச்சை வசதிக்காக 'லிட்டில் ஹார்ட்ஸ்' என்ற பெயரில் நாடு முழுக்க நிதி திரட்டியது நினைவிருக்கும். ஒரு பிள்ளையையும் ஒரு நாயையும் தராசில் வைத்தால் பிள்ளைதான் கனம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் நானாவிடம் நான் ஒன்று கேட்டேன். போன வருடம் வீட்டு முன்சுவருக்கு மாபிள் பதித்தபோது நாம் எந்தப் பிள்ளையை நினைத்தோம்? கலியாண வீட்டில் எஞ்சிய புரியாணியைக் குழியில் கொட்டியபோது? நாய்க்கு என்று ஒருவர் கேட்கும்போது மட்டும் ஏழைப் பிள்ளை நம் நினைவுக்கு வருகிறது. நானா சிரித்தார், பதில் சொல்லவில்லை.

நான்கு இலட்சத்தில் இன்னும் பல நாய்களைக் காப்பாற்றலாமே என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2006 முதல் நம் நாட்டில் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்பதே அரச கொள்கை. கொல்லாமல் விட்டால் போதாது. கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் வேண்டும். ஒரு பிரதேசத்தின் நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி ஏற்றினால் விசர்நோய் பரவுவதைத் தடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் காப்பாற்றப்படுவது நாய் மட்டுமல்ல, மத்ரஸாவுக்கு நடந்துபோகும் நம் பிள்ளைகளும்தான். மாதாமாதம் கொடுப்பவர் அதற்கே கொடுக்கட்டும். ஆனால் பெயர் வைத்து, மடியில் தூக்கிக்கொண்டு வந்து கண்முன் காட்டிய ஒரு உயிரிடம், உனக்குரிய பணத்தில் வேறு பத்து நாய்களுக்கு ஊசி போடலாம் என்று சொல்ல என் மகளால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

கடைசியில் நான் ஒரு இலட்சம் கொடுத்தேன். அதே அளவு தொகையைப் பிள்ளைகளின் இதய சிகிச்சைக்கும் கொடுத்தேன். உம்ரா இன்னும் சில காலம் தள்ளிப்போகும். மீதியைக் காப்பகத்துப் பெண்மணியும், அவரது விகாரையில் தெரிந்தவர்களும், ஒரு தமிழ் ஆட்டோ சாரதியும், மகளின் தோழிகளும் சேர்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் திகதி குறித்திருக்கிறது.

போன ஞாயிறு முதன்முறையாக நானும் அந்தக் காப்பகத்துக்குப் போனேன். குட்டி எழுந்து வந்து, நான்கு எட்டு வைத்து, என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டது. அதன் விலா துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நான் அதைத் தொடவில்லை. அது எனக்குப் பழக்கமில்லை. ஒரு கோப்பையில் தண்ணீர் வார்த்து அதன் முன் வைத்துவிட்டு, அது குடித்து முடிக்கும்வரை நின்றேன்.