வெயிலில் வரும் தலைச்சுற்றை அலட்சியம் செய்யலாகாது

ஆண்டுதோறும் ஏப்ரல் மாத முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக உச்சம் கொடுக்கின்றது. இதனையொட்டிய வாரங்களில் உடல் உணரும் வெப்பம் அதிக அவதானத்திற்குரிய மட்டத்தை எட்டுமென வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிப்பது வழமையாகிவிட்டது. உயர் குருதி அமுக்கத்திற்கு அஞ்சும் நம்மவர்கள், தாழ் குருதி அமுக்கத்தை ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. "பிரஷர் குறைவுதானே, பயமில்லை" எனத் தம்மைத் தேற்றிக்கொள்வோரே அதிகம்.

குருதி அமுக்கம் 90/60 இற்குக் கீழ் இறங்குவதையே பொதுவாகத் தாழ் குருதி அமுக்கம் என்பர். எவ்விதத் தொந்தரவுமின்றி அவ்வளவுடன் வாழ்வோரும் உளர். ஆனால் வெயில் நிலைமையை மாற்றிவிடுகின்றது. உடற்சூட்டை வெளியேற்றத் தோலிலுள்ள குருதிக் குழாய்கள் விரிகின்றன. வியர்வையுடன் நீரும் உப்பும் இழக்கப்படுகின்றன. இதனால் அமுக்கம் வீழ்கின்றது. நெடுநேரம் நிற்கையில் குருதி கால்களில் தேங்க, மூளைக்குச் செல்லும் அளவு குறைந்து, கண் இருண்டு தலை சுற்றுகின்றது. அவ்வாறு விழும் முதியவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்வதும் உண்டு.

உயர் குருதி அமுக்கத்திற்கும் இதய நோய்க்கும் மாத்திரை உட்கொள்வோர், குறிப்பாகச் சிறுநீரை அதிகம் போக்கும் மாத்திரை எடுப்போர், கூடுதல் அவதானத்துடன் இருத்தல் வேண்டும். எனினும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறாகும். வைத்தியரின் ஆலோசனையுடனேயே அளவை மாற்ற வேண்டும். 2023 முதல் 2025 வரை ரமழான் மாதமும் இவ்வெப்ப காலத்துடன் இணைந்தே வந்தது. நோன்பு நோற்கும் நோயாளர், மருந்து வேளைகளை முன்கூட்டியே வைத்தியருடன் பேசித் தீர்மானிப்பது நன்று. நோயாளருக்கு மார்க்கமே சலுகை வழங்கியிருப்பதை மறந்துவிடலாகாது. கோயில் விரதமிருந்து வெயிலில் நிற்கும் அடியார்களுக்கும் இந்த அவதானம் பொருந்தும்.

தாகம் எடுக்கும் முன்னரே நீர் அருந்துவதும், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை கடும் வேலையைத் தவிர்ப்பதும், படுக்கையிலிருந்து மெதுவாக எழுவதும் எளிய வழிகள். இளநீரும் மோரும் ஏற்றவை. ஆயினும் சிறுநீரக, இதய நோயாளர் நீரையும் உப்பையும் வைத்திய ஆலோசனையின்றிக் கூட்டலாகாது. தலை சுற்றினால் நிழலில் படுத்து, கால்களை உயர்த்தி வைக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் நீர் ஊற்றக்கூடாது. பேச்சுத் தடுமாறி, உடல் நெருப்பாகக் கொதித்தால் அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். உடலை நீரால் குளிர்வித்தபடியே 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும்.

வயலிலும் வீதியிலும் நாட்கூலிக்கு உழைப்பவருக்கு 'வெயிலில் செல்லாதீர்' என்ற அறிவுரை மட்டும் போதுமா? அவருக்கு நிழலும் நீரும் ஓய்வும் கிடைக்கச் செய்வது வேலை கொள்வோரின் கடமை. கிளினிக் நாளில் விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்கும் முதியோருக்கு இருக்கையும் குடிநீரும் வழங்குவது வைத்தியசாலை நிர்வாகங்களின் பொறுப்பு. இவை பெருஞ்செலவுக்குரியவை அல்ல. தடுக்கக்கூடிய மயக்கம் ஓர் உயிரைக் காவுகொள்ள இடமளிக்கலாகாது என்பதே நமது வேண்டுகோளாகும்.