சென்னை செல்வோர்க்குச் சில குறிப்புகள்

இலங்கைத் தமிழருக்குச் சென்னை புதிய ஊர் அன்று. 1857ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாகப் பட்டம் வழங்கியபோது அதனைப் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத்தவரே. ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை; மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. ஆறுமுக நாவலர் சென்னைத் தங்கசாலைத் தெருவில் அச்சுக்கூடம் நிறுவி நூல்களைப் பதிப்பித்தார். 1914ஆம் ஆண்டு தொடங்கி, தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கியவர்கள் மறுநாள் எழும்பூர் நிலையத்தை அடைந்தனர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. இக்காலத்தில் பெரும்பாலோர் விமானத்திலே செல்கின்றனர். கொழும்பிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடலாம்.

இத்தகைய பழந்தொடர்பே பிரயாணிக்கு ஒரு மயக்கத்தையும் உண்டாக்குகின்றது. டில்லிக்கோ கல்கத்தாவுக்கோ செல்பவன் தான் அந்நியன் என்பதை உணர்ந்து, ஆயத்தத்துடன் செல்கின்றான். சென்னைக்குச் செல்பவனோ, "அங்கும் தமிழ்தானே, கேட்டு அறிந்துகொள்ளலாம்" என்று வெறுங்கையோடு புறப்பட்டுவிடுகின்றான். மொழி ஒன்றாயிருப்பதனால் மட்டும் ஊர் அறிந்த ஊர் ஆகிவிடாது. வைத்தியத்தின்பொருட்டுச் செல்வோர் இதனை முக்கியமாக நினைவிற் கொள்ளவேண்டும்.

முதலில் பத்திரங்களைக் கவனிப்போம். இந்தியா செல்ல இலங்கையருக்கு விசா வேண்டும். அது செல்லும் நோக்கத்துக்கு ஏற்றதாயிருத்தல் அவசியம். சுற்றுலாவுக்கெனப் பெற்ற விசாவோடு சென்று நீண்டகாலச் சிகிச்சை பெற முயல்வோர் இடர்ப்படுவர். நோயாளிக்கு மருத்துவ விசாவும், அவருடன் துணைசெல்வோருக்கு அதற்குரிய தனி விசாவும் உண்டு. வெளிநாட்டாரைத் தங்கவைப்போர் அதனை அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பது இந்தியச் சட்டம். ஆதலால் சில சிறு விடுதிகள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் கண்டதும் இடமில்லை என்று கூறிவிடுகின்றன. இரவு பதினொரு மணிக்குப் பெட்டிகளுடன் தெருவில் நிற்க நேராதிருக்க, "இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களை ஏற்பீர்களா?" என்று முன்னரே கேட்டு இடம் ஒதுக்கிக்கொள்ளல் நன்று. உறவினர் வீட்டில் தங்குவோரும் இவ்விதியை அவ்வீட்டாருக்கு நினைவூட்டவேண்டும். கடவுச்சீட்டின் பிரதி ஒன்றை வேறொரு பையில் வைத்திருத்தலும் நலம். அது தொலைந்துபோனால் பொலிசில் முறையிட்டபின், சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகர் அலுவலகத்தை நாடவேண்டும்.

காலத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். சென்னைக்கு மழை தருவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவக் காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் எதிர்பார்க்கத்தக்கவை. 2015ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் டிசம்பர் மாதத்து வெள்ளத்தினால் நகரின் பல பகுதிகள் நாட்கணக்காக நீரில் நின்றன. மே மாதத்து வெயிலோ முதியோராலும் நோயாளராலும் தாங்கமுடியாதது. தேதியைத் தாமே தெரிவுசெய்யக்கூடியவர்களுக்கு ஜனவரியும் பெப்ரவரியும் உகந்த மாதங்களாகும்.

நகரத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்வது கடினமன்று. கிழக்கே கடல், அதன் கரையோரமாக நகரம் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. வடக்கில் துறைமுகமும், பழைய கோட்டையும், மொத்த வியாபாரம் நடைபெறும் ஜார்ஜ் டவுன் பகுதியும் உள்ளன. நடுவில் எழும்பூரும் நுங்கம்பாக்கமும் தியாகராய நகரும். தெற்கில் மயிலாப்பூரும் அடையாறும். தென்மேற்கில் விமான நிலையம். 2015ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரெயில் இவற்றிற் பலவற்றை இணைக்கின்றது. விமான நிலையத்தில் ஏறினால் கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு முதலிய இடங்களைக் கடந்து, வண்டி மாறாமலே சென்ட்ரலை அடையலாம். கோயம்பேட்டுக்கும் வடபழனிக்கும் செல்பவர் ஆலந்தூரில் இறங்கி மற்றைத் தடத்துக்கு மாறவேண்டும். கட்டணத்தில் பேரமில்லை; பெட்டியில் குளிர்ச்சியுண்டு; தெருவின் நெரிசல் அதனைத் தடுப்பதுமில்லை.

வெளியூர் செல்வோர் தவறுவது ஒரிடத்தில். வடக்கும் மேற்கும் செல்லும் புகைவண்டிகளிற் பல சென்ட்ரலிலிருந்தும், மதுரை, திருச்சி முதலிய தென்திசை வண்டிகளிற் பல எழும்பூரிலிருந்தும் புறப்படுகின்றன. சில வண்டிகளுக்குத் தாம்பரமே தொடக்கம். பயணச்சீட்டில் எந்த நிலையம் குறிக்கப்பட்டுள்ளது என்பதை வாசித்தபின்னரே வண்டி பிடிக்கவேண்டும். பஸ் நிலையமும் அவ்வாறே. தென்மாவட்டங்களுக்கான அரச பஸ்கள் முன்னர் கோயம்பேட்டிலிருந்து சென்றன. 2023ஆம் ஆண்டு இறுதியில் நகருக்குத் தெற்கே கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டபின் அவை அங்கிருந்தே செல்கின்றன. பழைய ஞாபகத்தில் கோயம்பேட்டுக்குச் சென்றவர் அரைநாளை இழப்பர்.

விலாசம் தேடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சென்னையின் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு இலக்கங்கள் உள்ளன. எது பழையது, எது புதியது என்று குறித்துக்கொள்ளாதவர் ஒரே தெருவை இருமுறை அளக்க நேரும். வீதிகளின் பெயர்களும் மாறியுள்ளன. மவுண்ட் ரோடு அண்ணா சாலையாயிற்று. எட்வர்ட் எலியட்ஸ் சாலை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையாயிற்று. ஆயினும் முதியோர் நாவில் பழைய பெயர்கள் இன்னும் வாழ்கின்றன. ஒரே தெருப்பெயர் பல பகுதிகளிலும் இருப்பதனால், பகுதியின் பெயரையும் 600 என்று தொடங்கும் அஞ்சற் குறியீட்டையும் சேர்த்தே எழுதிவைக்கவேண்டும். அருகிலுள்ள கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ அறிந்து வைத்திருந்தால் அது எண்ணைவிட விரைவாக வழிகாட்டும். ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடிவுசெய்யவேண்டும். கைத்தொலைபேசி மூலம் வண்டி அழைப்பவர்கள் கட்டணத்தை முன்னதாகவே கண்டுகொள்ளலாம்.

இனி மொழிக்கு வருவோம். இலங்கையில் "வருத்தம்" என்றால் நோய். சென்னையில் அதுவே மனக்கவலை. "அம்மாவுக்கு மூன்று மாதமாக வருத்தம்" என்று மகன் கூற, சென்னை மருத்துவர் அதை வீட்டுத் துயரமாகக் கொண்டு ஆறுதல் சொல்லவும் கூடும். "தடிமன்" என்றால் இங்கே ஜலதோஷம், அங்கே பருமன். "சத்தி" என்பதை வாந்தி என்றும், "வயிற்றோட்டம்" என்பதை வயிற்றுப்போக்கு என்றும், "தலையிடி" என்பதைத் தலைவலி என்றும் கூறவேண்டும். "நாரி நோ" என்றால் விளங்காது. இடுப்புவலி என்றால் உடனே விளங்கும். "சலரோகம்" அங்கே சர்க்கரை நோய் அல்லது நீரிழிவு. "குளிசை" அங்கே மாத்திரை. இவை வேடிக்கைச் செய்திகள் அல்ல. சலரோகம் உண்டு என்று நோயாளி சொல்லியும் கேட்பவர் அதனை உணராதுவிட்டால், அதன்மேல் நடைபெறும் சிகிச்சை முழுவதும் பிழையான அடித்தளத்தில் நிற்கும்.

நாளும் பொழுதும் குறிக்கும் சொற்களும் இவ்வாறே. "பின்னேரம் வாருங்கள்" என்று அங்கு ஒருவரும் சொல்வதில்லை, சாயந்தரம் என்பார்கள். "நாளையிண்டைக்கு" என்பது நாளை மறுநாள். "ஆறுதலாக" என்பது இங்கே மெதுவாக என்று பொருள்படும். அங்கே தேற்றுதலைக் குறிக்கும். "கெதியாக" என்றால் பலர் விழிப்பர்; சீக்கிரம் என்று சொல்லவேண்டும். விடுதியில் "திறப்பு" கேட்பவர் சாவி என்று கேட்டால் உடனே கிடைக்கும். இதனால் எவரும் தம் பேச்சைக் குறித்து நாணவேண்டியதில்லை. அதை மறைக்கவும் வேண்டியதில்லை. இரண்டும் தமிழே. மருத்துவர் முன்னிலையிலும் வண்டிக்காரர் முன்னிலையிலும் கேட்பவருக்குத் தெரிந்த சொல்லைத் தெரிந்தெடுப்பது அறிவுடைமை. அவர் கூறியதைத் தம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "இதுதானே?" என்று உறுதி செய்துகொள்வது அதனினும் பாதுகாப்பானது.

வைத்தியத்துக்குச் செல்வோர் வேறு சிலவற்றையும் செய்யவேண்டும். முன்னைய பரிசோதனை முடிவுகள் யாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரே கோப்பில் கொண்டுசெல்லல் வேண்டும். உட்கொள்ளும் மருந்துகளின் வியாபாரப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே ஊர் வைத்தியரிடம் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். சிகிச்சைக்கு ஆகக்கூடிய செலவை எழுத்தில் கேட்டுப் பெறாமல் அநுமதி பெறலாகாது. விமான நிலையத்திலும் விடுதி வாயிலிலும், "நல்ல டாக்டரிடம் அழைத்துச் செல்கிறேன்" என்று வலிய வந்து பேசும் தரகரைப் பின்தொடரவும் கூடாது. இலங்கைப் பேச்சிலேயே பேசி உறவு கொண்டாடுவோரும் அவர்களுள் இருக்கலாம்; மொழி ஒருவரின் நேர்மைக்குச் சான்றாகாது. ஊர் திரும்பும்போது நோயின் நிலையும் செய்த சிகிச்சையும் இனி உண்ண வேண்டிய மருந்துகளும் அடங்கிய அறிக்கையைக் கேட்டு வாங்கவேண்டும். அவ்வறிக்கை இன்றேல் இங்குள்ள வைத்தியர் இருளிற் கைவைப்பவராவார். திடீர் ஆபத்தில் இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைக்கிறோம். சென்னையில் அம்புலன்ஸ் வண்டிக்கு அழைக்கவேண்டிய எண் 108.

பணத்திலும் பெயரொற்றுமை ஏமாற்றும். இரண்டு நாட்டு நாணயமும் ரூபாவே, மதிப்பு வேறு. இந்திய ரூபாவின் மதிப்பு உயர்ந்தது. ஒரு சேலைக்குச் சொல்லும் விலை காதுக்குச் சிறிதாகத் தோன்றும். ஊர்க் கணக்குக்கு மாற்றியபின் அது அவ்வளவு சிறிதன்று. பணத்தை அநுமதி பெற்ற நாணயமாற்று நிலையங்களில் மாற்றிப் பற்றுச்சீட்டுப் பெறவேண்டும். அங்கே சிறு கடைக்காரரும் கைத்தொலைபேசி வழியாகவே பணம் பெறுவதால் சில்லறை அரிதாகியுள்ளது. சிறு நோட்டுகள் சில எப்போதும் கையில் இருத்தல் நன்று.

ஓய்வுள்ளோர்க்குப் பார்க்கத்தக்கவை பல. எழும்பூரிலுள்ள அரசினர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களும் சோழர்காலச் செப்புத் திருமேனிகளும் உள்ளன. அதே வளவில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூல்நிலையம் உண்டு. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மயிலைக் கபாலீசுவரர் கோயில், திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் முதலியன நண்பகலில் நடைசாத்தி மாலையிலேயே மீண்டும் திறக்கப்படும். நண்பகற் பொழுதை உணவுக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொள்ளலாம். மெரீனாவில் மாலை உலாவுதல் இனிது. ஆனால் அங்கே கடலில் இறங்கிக் குளித்தலாகாது. அலையின் அடியோட்டம் வலியது. ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டுபோகின்றது. நீந்தத் தெரிந்தவர்களும் அதற்கு விலக்கல்லர்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது இரு கரையிலும் வழங்கும் பழமொழி. சென்னையில் கேட்டால் வழிகாட்டுவோர் பலர் உண்டு. இலங்கையிலிருந்து வந்தவர் என்றறிந்ததும் அன்போடு உசாவுவோரும் உண்டு. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று ஒப்பிக் கேட்பவனுக்கே அவ்வுதவி பயன்படும். எல்லாம் தெரிந்த ஊரென்று நடப்பவன் கேட்பதுமில்லை, அவனுக்குச் சொல்வாருமில்லை. உறவினர் வீட்டுக்குச் செல்லும் மகிழ்ச்சியும் அந்நிய நகரத்துக்குச் செல்லும் விழிப்பும் ஒருங்கே உடையவர், நோயாளியாகச் சென்றாலும் யாத்திரிகராகச் சென்றாலும், சென்ற காரியத்தை முடித்துச் சுகமே வீடு திரும்புவர்.