பச்சை குத்தும் முன் மது வேண்டாம்

பச்சை குத்துதல் நம் மக்களுக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் பலருடைய முன்கையில் கோலமும் பெயரும் பச்சையாகப் பதிந்திருந்ததைக் கண்டிருக்கிறோம். அதே வழக்கம் இன்று டாட்டூ என்னும் பெயரில் இளைஞரிடையே பரவியுள்ளது. வலிக்கு அஞ்சுவோரிடம், "கொஞ்சம் குடித்துவிட்டுப் போ, தைரியம் வரும்" என்று நண்பர்கள் சொல்வதும் உண்டு. அவ்வறிவுரை ஏன் தவறானது என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

தோலில் நிகழ்வது என்ன?

நம் மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. ஆகவே மை நிலைத்து நிற்க வேண்டுமானால், அது மேல்தோலைக் கடந்து, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள உள்தோலைச் சேர வேண்டும். அங்கே நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. ஊசி இறங்குந்தோறும் சிறு காயம் உண்டாகிறது; இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அதனை அடைக்கின்றன.

மது இந்தத் தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் குறைக்கிறது. தோலின் இரத்தக் குழாய்களையும் விரிவடையச் செய்கிறது. குடித்தவரின் முகம் சிவப்பது இதனால்தான். எனவே கசிவு மிகுகிறது. கசியும் இரத்தம் மையை நீர்க்கச் செய்து வெளியேற்றுவதால் கோடுகள் மங்கலாகவும் திட்டுத்திட்டாகவும் அமையலாம். அதைச் சீர்செய்ய அதே இடத்தில் மீண்டும் குத்த நேர்ந்தால், ஆறிய தோல் மறுபடியும் புண்ணாகிறது.

வலி குறையும் என்பதும் முழு உண்மையன்று. குடித்தவரால் நெடுநேரம் அசையாமல் இருக்க இயலாது. மது உடலின் நீரை வெளியேற்றும். வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தச் சர்க்கரையையும் தாழ்த்தக்கூடும். இதனால் தலைசுற்றலும் மயக்கமும் நேரலாம். இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளிகளுக்கு இது பெரும் ஆபத்தாகும்.

விழிப்பாக இருக்க வேண்டிய நேரம்

தூய்மையற்ற ஊசி, பலருக்குப் பயன்படுத்திய மை ஆகியவற்றின் வழியே ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் பரவக்கூடும். ஆதலால் ஊசி உறை பிரிக்கப்படாத புதியதா, நம் கண்முன் பிரிக்கப்பட்டதா, மை புதிய சிறு கிண்ணத்தில் தனியே ஊற்றப்பட்டதா, குத்துபவர் கை கழுவிப் புதிய கையுறை அணிந்தாரா என்பவற்றை நாமே பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். திருவிழாக் கூட்டத்தில், தெருவோரக் கடையில், மதுவின் மயக்கத்தில் அமர்ந்திருப்பவர் இவற்றுள் எதைப் பார்ப்பார்? மதுவினால் நேரும் தீங்குகளுள் இதனையே நாங்கள் பெரிதாகக் கருதுகிறோம். மங்கிய படத்தைத் திருத்தலாம். உடலில் புகுந்த கிருமியை அவ்வாறு எளிதில் போக்க இயலாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

• குத்துவதற்கு முன் குறைந்தது 24 மணி நேரம் மது அருந்தலாகாது. குத்திய பின்னும் புண்ணின் கசிவு நிற்கும் வரை தவிர்த்தல் நலம்.

• முந்தைய இரவு குடித்திருந்தால் நாளைத் தள்ளிவையுங்கள். மோரோ கடுங்காப்பியோ குளியலோ மதுவை விரைந்து வெளியேற்றாது. கல்லீரல் தன் வேகத்திலேயே அதனைச் சிதைக்கும்.

• முதல் நாள் நன்கு உறங்கி, வயிறார உண்டு, போதிய நீர் அருந்திச் செல்லுங்கள்.

• இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோரும் கல்லீரல் நோயாளிகளும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

• ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. போட்டுக்கொள்ளாதவர்கள் முன்னதாகவே போட்டுக்கொள்ளலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், பச்சை குத்துவதற்காக மதுவைத் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றலாம். அத்தகையவரை முதலில் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். குடியை விடுவதற்கும் அதுவே தொடக்கமாக அமையலாம்.

பிள்ளைகள் பச்சை குத்த விரும்பினால் கடிந்துகொள்வதால் பயன் குறைவு. "ஒரு வாரம் பொறு, அப்போதும் விருப்பம் மாறாவிட்டால், குடிக்காமல் பகலில் போய்வா, நானும் உடன் வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். லேசர் கொண்டு அழிப்பதற்குப் பல முறை வர வேண்டியிருக்கும். அப்போதும் சுவடு எஞ்சலாம். குடித்தால்தான் குத்திக்கொள்ள முடியும் என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் மனம் இன்னும் முழுதாக இசையவில்லை என்றே கொள்ள வேண்டும். அன்று திரும்பி வந்துவிடுவதே நன்று.