தாமரைக்குப் புதுச் சொந்தம், ஆய்விதழுக்குப் புது மவுசு

ஒரே குளத்தில் பக்கத்துப் பக்கத்தில் பூக்கும் தாமரையும் அல்லியும் அக்கா தங்கை என்றுதானே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? இல்லவே இல்லை! தாமரையின் சொந்தக்காரர் நீலகிரியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நெட்டையாக நின்று நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆமாம், சில்வர் ஓக் மரம்தான். அல்லியோ, பூக்கும் தாவரங்களின் வம்சத்தில் ஆதியிலேயே பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்ட கிளை. தண்ணீரில் வாழ்ந்த வாழ்க்கை இருவருக்கும் ஒரே சாயலைக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி குடும்ப ரகசியங்களை மொத்தமாகப் பட்டியல் போட்டு வெளியிட்டே பேர் வாங்கிய ஓர் ஆய்விதழ் இருக்கிறது. பெயர் 'பொட்டானிக்கல் ஜர்னல் ஆஃப் த லின்னியன் சொசைட்டி'. அதன் திரைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது, எந்தப் பேப்பர் ஓடுகிறது, எது தூங்குகிறது, இம்பாக்ட் ஃபேக்டர் என்ற அந்த மாய எண் எப்படி எகிறுகிறது என்று எட்டிப் பார்த்தால், அடேயப்பா!

முதலில் வீட்டுக்காரர்களைப் பார்த்துவிடுவோம். செடிகொடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் வழக்கத்தை நிலைநிறுத்திய ஸ்வீடன்காரர் லின்னேயஸ் இறந்த பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்த உலர்செடிகள், பூச்சிகள், புத்தகங்கள், கடிதங்கள் எல்லாம் விலைக்கு வந்தன. 1784-ல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற 24 வயது இங்கிலாந்துப் பையன் அப்பாவை நச்சரித்துப் பணம் வாங்கி, ஆயிரம் கினி சொச்சத்துக்கு அத்தனையையும் வாங்கிப்போட்டார். நான்கு ஆண்டு கழித்து, 1788-ல், லண்டனில் லின்னியன் சங்கம் பிறந்தது. அந்தச் சேகரிப்பு இன்றைக்கும் பிக்காடிலியில் உள்ள பர்லிங்டன் ஹவுஸில் பெட்டக அறைக்குள் பத்திரமாக இருக்கிறது.

சங்கத்தின் தாவரவியல் இதழ் 1850-களில் ஆரம்பித்தது. டார்வினும் வாலஸும் பரிணாமம் பற்றி 1858-ல் அளித்த அந்த உலகப் புகழ்பெற்ற கட்டுரை விலங்கியல் பக்கத்துக்குப் போய்விட்டது. தாவரவியல் பக்கத்துக்கு டார்வின் கொடுத்தது கொடிகளை! உடம்பு சரியில்லாமல் அறையில் அடைந்து கிடந்தபோது, அமெரிக்க நண்பர் ஆசா கிரே அனுப்பிய விதைகளை முளைக்கவைத்து, பற்றுக்கம்பி எந்தப் பக்கம் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். 1865-ல் அது 118 பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. இன்றைக்கு அதை அனுப்பினால், 'பாதியாகக் குறைத்து அனுப்பவும்' என்று ரிவியூவர் திருப்பிவிடுவார் என்பது என் திடமான நம்பிக்கை.

சரி, மாய எண்ணுக்கு வருவோம். யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர், வக்கீல்கள் பயன்படுத்தும் ஒரு புத்தக வரிசையைப் பார்த்துக் கண்டுபிடித்த யோசனை இது. எந்தத் தீர்ப்பை எந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டியது என்று 1873 முதலே அங்கே பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதையே அறிவியல் கட்டுரைகளுக்கும் செய்தால் என்ன என்று 1955-ல் எழுதினார். அதிலிருந்து மேற்கோள் அட்டவணையும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இம்பாக்ட் ஃபேக்டரும் வந்தன. கணக்கு ரொம்பச் சின்னது. ஓர் இதழ் 2015, 2016 ஆண்டுகளில் போட்ட கட்டுரைகளை, 2017-ல் உலகம் எத்தனை முறை மேற்கோள் காட்டியது என்று கூட்டு. அந்த இரண்டு ஆண்டில் போட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகு. முடிந்தது. இந்த ஒற்றை எண்ணுக்காகத்தான் நம் ஊர்க் கல்லூரிகளிலும் வேலை, பதவி உயர்வு, கைடு அனுமதி என்று இத்தனை களேபரம்.

முன்பு இதை மூன்று தசம இலக்கம் வரை வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினாலே பக்கத்து இதழைத் தாண்டிவிட்டோம் என்று கொண்டாட்டம். 2023-ல் வெளியான பட்டியலில் இருந்து ஒரே ஒரு இலக்கம்தான். ஒரே மதிப்பெண்ணில் ஏகப்பட்ட இதழ்கள் கும்பலாக நிற்கின்றன!

இப்போது நம் கதாநாயகன் வருகிறான். 1993-ல் 42 பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஒரு நொதியின் மரபணுவை 499 விதைத் தாவரங்களில் படித்து, யாருக்கு யார் சொந்தம் என்று மரம் வரைந்தார்கள். பூவின் இதழை எண்ணி, சூலகத்தை அறுத்துப் பார்த்துச் சொந்தம் கண்டுபிடித்த காலம் ஆட்டம் கண்டது. இந்தப் புது வம்சாவளியை வைத்து, 1998-ல் ஒரு குழு பூக்கும் தாவரங்களின் குடும்பங்களைத் திருத்தி அடுக்கியது. குழுவின் பெயர் 'ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப்', சுருக்கமாக ஏ.பி.ஜி. முதல் பட்டியல் மிசோரி தாவரவியல் தோட்டத்தின் இதழில் வந்தது. இரண்டாவது பட்டியல், 2003-ல், லின்னியன் இதழுக்கு வந்தது. மூன்றாவது 2009, நான்காவது 2016. மூன்றுமே இங்கேதான்.

பட்டியலில் என்ன இருந்தது என்கிறீர்களா? ரேஷன் கார்டு திருத்தம்தான்! எருக்கு தனிக் கார்டு வைத்திருந்தது. அரளி வீட்டுக் கார்டில் சேர்த்துவிட்டார்கள். இலவ மரத்தின் கார்டை ரத்து செய்து வெண்டைக்காய், பருத்தி இருக்கும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதுளை, மருதாணி வீட்டுக்கு. தேக்கு மரம் துளசி வீட்டில்! முருங்கை, பப்பாளி, கடுகு மூன்றுக்கும் கார்டு தனித்தனி, ஆனால் ஒரே தெரு. அந்தத் தெருவுக்குத்தான் தாவரவியலில் துறை என்று பெயர். தாமரையும் சில்வர் ஓக்கும் ஒரே தெரு என்பதும் இதே கணக்கில்தான்.

நான்காவது பட்டியலைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வரும். வெறும் 20 பக்கம். புதுப் பரிசோதனை ஒன்றும் கிடையாது. எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, ஏன் என்று சில பக்கங்கள். பிறகு 64 துறை, 416 குடும்பம், வரிசையாகப் பெயர்கள். முடிந்தது கதை. ஆனால் ஒரு மாவட்டத்துச் செடிகளைக் கணக்கெடுப்பவர், மூலிகை ஆராய்பவர், காட்டில் மரம் எண்ணுபவர், மகரந்தம் பார்ப்பவர் என எல்லோருக்கும் தங்கள் கட்டுரையில் ஒரு வரி தேவைப்படுகிறது: 'குடும்பப் பெயர்கள் ஏ.பி.ஜி. முறைப்படி'. அந்த ஒரு வரிக்கு ஒரு மேற்கோள். உலகம் முழுக்க, ஆயிரக்கணக்கில்!

இது இம்பாக்ட் ஃபேக்டரை என்ன செய்யும்? ஒரு கணக்குக்கு, இரண்டு ஆண்டில் 200 கட்டுரை போடுகிற இதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு கட்டுரை ஓர் ஆண்டில் 200 மேற்கோள் வாங்கினால், இதழின் மதிப்பெண் முழுசாக ஒன்று ஏறிவிடும். மற்ற 199 பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஏறும். இதற்குப் பேர்போன உதாரணம் படிகவியல் இதழான 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ'. 2008-ல் 2.051 என்றிருந்த மதிப்பெண் 2009-ல் 49.926! ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்பவர் தன் மென்பொருளைப் பற்றி எழுதிய ஒரே கட்டுரையின் கைவரிசை அது. மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் அதைக் குறிப்பிட்டுத் தள்ளிவிட்டார்கள்.

இரண்டு ஆண்டு முடிந்ததும் என்ன ஆகும்? ஜன்னல் சாத்தப்படும். 2009-ல் வந்த மூன்றாம் பட்டியல் 2010, 2011 கணக்குகளில் நின்றுவிட்டு, 2012-ல் வெளியே போய்விட்டது. உலகம் அதை மேற்கோள் காட்டிக்கொண்டேதான் இருந்தது. இதழின் மதிப்பெண்ணில் அது சேரவில்லை. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் அடுத்த பட்டியலுக்கு எப்படிக் காத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

இன்னொரு கூத்து. கட்டுரையின் ஆசிரியர் ஒரு குழு. சிலர் 'ஏ.பி.ஜி.' என்று போடுகிறார்கள். சிலர் முழுப் பெயர் எழுதுகிறார்கள். சிலர் தொகுத்தவர் பட்டியலில் முதலில் இருப்பவர் பெயரைப் போட்டு 'மற்றும் பலர்' என்கிறார்கள். ஒரே கட்டுரை, மேற்கோள் அட்டவணையில் பல வேஷம். இந்த இதழை ஆராயும் நூலகவியல் மாணவர்கள் முதல் வாரம் முழுவதும் இந்த வேஷங்களைக் கலைத்து ஒரே வரியில் கொண்டுவருவதிலேயே திணறிப்போவார்கள்.

அந்த மாணவர்கள் செய்வதைப் பார்ப்பதே தனி சுகம். இதழின் பல ஆண்டுக் கட்டுரைகளின் குறிச்சொற்களை இறக்கி, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார் செய்த 'விஓஎஸ்வியூவர்' மென்பொருளில் ஊற்றினால், திரையில் வண்ண வண்ணக் குமிழ்கள்! சேர்ந்தே வரும் சொற்கள் ஒரே நிறத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். பழைய ஆண்டுகளை எடுத்தால் குரோமோசோம் எண்ணிக்கை, மகரந்தத் துகளின் மேற்பரப்பு, இலையின் உள்ளமைப்பு. 1990-களுக்குப் பிறகு டி.என்.ஏ. நுழைந்து எல்லோரையும் ஓரமாக உட்காரச் சொல்கிறது. அதற்கும் பிறகு முழு ஜீனோம், நூற்றுக்கணக்கான மரபணுக்கள். 2024-ல் 9,506 இனங்களை 353 மரபணுக்களால் ஒப்பிட்டு வரைந்த பூக்கும் தாவர வம்சாவளி வந்தபோது, அதை 'நேச்சர்' தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நூலகத்தை எண்ணால் அளக்கலாம் என்ற யோசனையில் நம் ஊர்க்காரருக்கும் பங்கு உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1948-ல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாட்டில் 'லைப்ரமெட்ரி' என்ற பெயரைச் சொல்லி, இப்படி ஒரு துறை வேண்டும் என்றார். இந்த எண்ணிக்கைத் துறைக்கு இப்போது வழங்கும் 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்ற பெயர் 1969-ல்தான் வந்தது. தமிழ்நாட்டு நூலகவியல் துறைகளில் இத்தனை பேர் மேற்கோள் எண்ணிக்கொண்டிருப்பதில் ஆச்சரியமே இல்லை!

இப்போது நிஜமான உள்விவகாரம். நான்காம் பட்டியலுக்கு முன்னால் ஓட்டெடுப்பு நடத்தினார்கள்! எந்தக் குடும்பத்தைச் சேர்க்கலாம், எதைப் பிரிக்கலாம் என்று இணையத்தில் கருத்துக் கேட்டு, அதன் முடிவை 2015-ல் இதே இதழில் போட்டார்கள். டி.என்.ஏ. சொந்தத்தைத்தான் சொல்லும், எங்கே கோடு போட்டு 'இது ஒரு குடும்பம்' என்பது என்பதை மனிதர்கள்தானே முடிவு செய்ய வேண்டும்? நறுவிலி மரமும், தேள்கொடுக்குச் செடியும் ஒரே வீடா, தனித்தனி வீடா என்பதில் இன்னும் சண்டை. ஏ.பி.ஜி. ஒரே குடும்பம் என்றது. அந்தச் செடிகளையே வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் நிபுணர்கள் அதே 2016-ல் வேறொரு இதழில் பல குடும்பங்களாகப் பிரித்துப் போட்டார்கள். யார் பக்கம் நியாயம்? என் ஓட்டு நிபுணர்களுக்கு. ஆனால் மேற்கோள் ஓட்டு ஏ.பி.ஜி.க்குத்தான் விழுகிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பட்டியல் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியுமே!

இவ்வளவு எண்ணுகிறவர்கள் எண்ணாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நெல்லைப் பற்றி எந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாலும் 'ஒரைசா சட்டைவா எல்.' என்று இருக்கும். அந்த 'எல்.' தான் லின்னேயஸ். பெயர் வைத்தவரை ஒவ்வொரு முறையும் மரியாதையாகச் சொல்கிறார்கள். கணக்கில் மட்டும் பூஜ்யம். ரெஃபரன்ஸ் பட்டியலில் அவர் புத்தகம் இருக்காது அல்லவா? தாவரப் பெயர்களின் முன்னுரிமை 1753 மே 1-ல் தொடங்குகிறது. ஒரு பெயர் சரியா என்று பார்க்க இருநூறு வருடத்துப் புத்தகத்தைத் தினமும் புரட்டுகிற துறைக்கு, இரண்டு வருட ஜன்னல் வைத்து மார்க் போடுகிறார்கள். புது இனத்துக்கு 1935 முதல் லத்தீன் மொழியில் விளக்கம் எழுதியே தீர வேண்டும் என்ற விதி 2012-ல்தான் தளர்ந்தது. அதுவரை லத்தீன் தெரிந்த ஆளைத் தேடி அலைந்தவர்களின் உழைப்புக்கும் பெரும்பாலும் இந்த 'எல்.' கதைதான். விலங்குகளுக்குப் பெயர் சூட்டும் 'ஜூடாக்ஸா' இதழை, தன்னையே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று 2020-ல் இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலில் இருந்தே தூக்கினார்கள். புது இனங்கள் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன, வேறு எதைக் காட்டுவது என்று ஆய்வாளர்கள் போட்ட கூச்சலில் சில வாரங்களில் திரும்பச் சேர்த்தார்கள்.

தாவரவியலில் எம்.எஸ்சி., பிஎச்.டி. செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏ.பி.ஜி.யை எப்படியும் போடுவீர்கள், போடுங்கள். கூடவே, நீங்கள் ஆராயும் செடிக்கு முதலில் பெயர் வைத்த கட்டுரையையும் ரெஃபரன்ஸில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்பது தாவரப் பெயர் அட்டவணையான ஐ.பி.என்.ஐ. தளத்தில் இருக்கிறது. பழைய தொகுதிகள், டார்வினின் 118 பக்கக் கொடிகள் உட்பட, 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி'யில் கிடைக்கும். இரண்டும் இலவசம்.